இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள்

நாளைக் காலை பத்தரைக்கு
வீட்டு ஏஜென்ட் வருகிறாள்,
சுவரையும் அடுப்பையும் படமெடுக்க.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
எங்கள் ஒழுக்கம் இப்படிச் சரிபார்க்கப்படும்.

பிரிஸ்கா உறங்குகிறாள். ராத்திரி டூட்டி.
ஜன்னல் கண்ணாடியில் அலுமினியத் தாள் ஒட்டி
மதியம் இரண்டு மணிக்கு
அவளுக்கென்று ஓர் இரவைச் செய்து வைத்திருக்கிறேன்.
அது கிழியாமலிருக்க
நேவிஸுக்கும் ஆல்ரினுக்கும்
குசுகுசுவென்று பேசச் சொல்லிக் கொடுத்தேன்.
ஆல்ரினுக்கு இரண்டு வயது.
அவன் குசுகுசுப்பது தெருமுனை வரை கேட்கும்.

டார்வினில் இந்த மாதங்களுக்குப்
பில்டப் என்று பெயர்.
தூத்துக்குடியில் பில்டப் என்றால் வேறு.
யோசித்துப் பார்த்தால் அதேதான்:
நாலு மணியானால் வானம் கறுக்கும்,
இடிக்கும், மின்னும்,
ஊரையே வாசலுக்கு வரவழைக்கும்,
பிறகு ஒரு சொட்டும் போடாமல்
காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போய்விடும்.

ஐப்பசியில் மாம்பழம்.
பக்கத்து வீட்டு மரியானோ, டிமோர்க்காரர்,
வேலிக்கு மேலாக ஒரு பை நீட்டினார்.
ருசியில் குறையில்லை.
தின்றுகொண்டே
காலண்டரைத்தான் பார்த்தேன்.

கடல், நடந்தால் ஏழு நிமிஷம்.
இறங்கக்கூடாது.
முதலை.
முதலை இல்லாத நாளில் ஜெல்லி மீன்.
கரையெங்கும் மஞ்சள் பலகை,
வாயைப் பிளந்த படத்தோடு.
நான் திரேஸ்புரத்துக்காரன்.
யாரும் எனக்கு நீந்தச் சொல்லித் தரவில்லை,
வள்ளத்திலிருந்து தூக்கிப் போட்டார்கள், அவ்வளவுதான்.
என் மகள் நீச்சலைக்
குளோரின் வாசனையில் கற்கிறாள்.
அரைமணிக்குப் பதினெட்டு டாலர்.

அவள்தான் வரைந்திருக்கிறாள்,
ஃபிரிட்ஜில் தொடங்கிக் குளியலறைக் கதவு வரை,
நீலக் கிரேயான் தீரும் மட்டும் கடல்.
தீர்ந்த இடத்தில் ஊதா.
ஊதாவும் தீர்ந்த இடத்தில்
ஆல்ரினின் உள்ளங்கை.

சோடா உப்பு, வெந்நீர், பழைய பனியன்.
முழங்கால் போட்டுத் தேய்க்கிறேன்.
மீன்கள் முதலில் போயின.
பிறகு படகு; அதில் நாலு பேர்,
நாலு பேருக்கும் காது வரை சிரிப்பு.
எனக்கு மட்டும் கை மூன்று.
சுவரின் மேலே பல்லி உச்சுக் கொட்டியது.
அதுவும் எப்போதோ கப்பலேறி வந்த இனமாம்.
நான் பிரிஸ்காவின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன்.
பல்லியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசியாகப் பலகைக்கு வந்தேன்.
மஞ்சளை அழுத்தி அழுத்திப் போட்டிருந்தாள்,
சுண்ணாம்பே குழிந்திருந்தது.

“அத விடுப்பா.”

“ஏன்ட்டி?”

“போர்டு இல்லன்னா
யாராவது எறங்கிருவாங்க.”

“கடலே இல்லியே. அழிச்சாச்சே.”

வெறும் சுவரை ஒருமுறை பார்த்தாள்.
பிறகு என்னை,
ஊருக்குப் புதுசாய் வந்தவரைப் பார்ப்பதுபோல.
நிஜமாகவே குசுகுசுத்தாள்:
“ஒனக்குத் தெரியாது. உள்ள இருக்கு.”

நாலு மணிக்கு இடித்தது.
நாலரைக்கு வெயில்.
பிரிஸ்கா எழுந்து, தலை வாரி,
பாதி மாம்பழத்தை நின்றபடியே தின்றுவிட்டு
வேலைக்குப் போனாள்.
சுவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை,
கைப்பையை மட்டும்
அந்தப் பக்கமிருந்து இந்தத் தோளுக்கு மாற்றினாள்.

பிள்ளைகள் தூங்கியாயிற்று.
அடுப்பைத் துடைத்தாயிற்று.
ஏஜென்ட்டிடம் சொல்ல
இரண்டு மூன்று வாக்கியங்கள் யோசித்து
எதுவும் ஆங்கிலத்தில் நிற்கவில்லை.

விளக்கைப் போடாமல்
துணிக்கூடையோடு நடையைக் கடந்தேன்.
முழங்கால் உயரத்தில்
அந்த மஞ்சள் இருக்கும் இடம் வந்ததும்
கால் தானாக
ஓரடி தள்ளி வைத்தது.